யாருடைய டோக்கன் இது?

வாசகர் கேள்வி பதில்

சென்ற மாதம் இந்தப் பக்கத்தின் கடைசியில், "உங்கள் அலுவலகத்தில் எத்தனை டோக்கன் உயிரோடு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா?" என்று ஒரு வரி கேட்டிருந்தேன். டோக்கன் என்றால், ஒரு ப்ரோகிராம் இன்னொரு சேவைக்குள் நுழையக் காட்டும் ரகசியச் சாவி. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். அதனால் இந்த மாதம் வேறு எதையும் எடுக்கவில்லை. டேபிள் பெயர், கட்டளை எல்லாவற்றையும் வழக்கம்போலத் தமிழெழுத்தில் தருகிறேன். கணினியில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

மேடம், மில்களுக்கு பில்லிங் மென்பொருள் செய்து தரும் சின்ன கம்பெனி எங்களுடையது. டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, ஏபிஐ கீ எல்லாம் டாப்ளரில் வைத்திருக்கிறோம். அதை அமைத்துக் கொடுத்த சீனியர் வேலையை விட்டுப் போய்விட்டார். எத்தனை சர்வீஸ் டோக்கன் இருக்கிறது, எது எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு ப்ராஜெக்டாக உள்ளே போய் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். சுலபமான வழி உண்டா?
ஒரு வாசகர், கோயம்புத்தூர்

உண்டு. நோட்டில் எழுதியதையும் தூக்கிப் போடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

முதலில், ஏன் இவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று பார்ப்போம். டாப்ளர் என்பது ரகசியங்களைப் பூட்டிவைக்கும் சேவை. அதில் ப்ராஜெக்ட், அதற்குள் என்விரான்மென்ட் (சோதனைக்கு ஒன்று, நிஜ ஓட்டத்துக்கு ஒன்று என்பது மாதிரி), அதற்குள் கான்ஃபிக் (ரகசியங்களின் தொகுப்பு) என்று அடுக்கடுக்காக இருக்கும். சர்வீஸ் டோக்கன் ஒவ்வொன்றும் ஒரே ஒரு கான்ஃபிக்கோடு கட்டப்பட்டது. பாதுகாப்புக்கு அது நல்ல ஏற்பாடு. ஒரு டோக்கன் கசிந்தால் அந்த ஒரு கான்ஃபிக்கோடு சேதம் நிற்கும். ஆனால் எண்ண உட்காருபவருக்கு அதுவே தொல்லை. ஐந்து ப்ராஜெக்ட், ஒவ்வொன்றிலும் மூன்று கான்ஃபிக் என்றால் பதினைந்து பக்கம் திறந்து மூட வேண்டும். பத்தாவது பக்கத்தில் யாராவது டீ குடிக்கக் கூப்பிடுவார்கள், எங்கே விட்டோம் என்று மறந்துபோகும்.

ஸ்டீம்பைப் என்று ஓர் ஓப்பன் சோர்ஸ் கருவி இருக்கிறது. டர்பாட் நிறுவனம் 2021இல் வெளியிட்டது. உள்ளே இருப்பது நமக்குப் பழக்கமான போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்தான். அதில் ஃபாரின் டேட்டா ராப்பர் என்ற வசதி உண்டு அல்லவா, வெளியே இருக்கும் தகவலை உள்ளூர் டேபிள் மாதிரிக் காட்டுவது? அதை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். நீங்கள் செலக்ட் அடித்த நொடியில் அது டாப்ளரின் ஏபிஐயை, அதாவது ப்ரோகிராம்கள் பேசிக்கொள்ளும் வாசலை, அழைத்து, வரும் பதிலை வரிசைகளாக்கிக் கொடுக்கும். டாப்ளருக்கான ப்ளகினைப் போட்டு, உங்கள் டோக்கனை கனெக்‌ஷன் ஃபைலில் கொடுத்துவிட்டால், டாப்ளர்_சர்வீஸ்_டோக்கன் என்ற டேபிள் தெரியும். ப்ராஜெக்டுக்கு ஒரு கனெக்‌ஷன் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் அக்ரிகேட்டர் என்ற வகைக் கனெக்‌ஷனில் சேர்த்துவிடுங்கள். அப்புறம் ஒரே கேள்வியில் எல்லா ப்ராஜெக்டும் வந்துவிடும்.

செலக்ட் நேம், ஸ்லக், ப்ராஜெக்ட், என்விரான்மென்ட், கான்ஃபிக், கிரியேட்டட்_அட், எக்ஸ்பயர்ஸ்_அட் ஃப்ரம் டாப்ளர்_சர்வீஸ்_டோக்கன் ஆர்டர் பை கிரியேட்டட்_அட்.

இவ்வளவுதான். மிகப் பழைய டோக்கன் மேலே வந்து நிற்கும். முதல் பத்து வரியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். அங்கேதான் விஷயம் இருக்கும்.

இதில் டோக்கனின் உண்மையான எழுத்துகள் வராது. உருவாக்கும்போது ஒரே ஒரு முறை காட்டுவதோடு சரி. ஸ்லக் என்பது அதன் அடையாள எண் மாதிரி, அதை வைத்து யாரும் எதையும் திறக்க முடியாது. அதனால் இந்தப் பட்டியலை உங்கள் மேலாளருக்கு அனுப்பலாம், பயமில்லை.

இனி நோட்டுக்கு வருவோம். இந்த டேபிளில் இரண்டு விஷயம் கிடையாது: இதை யார் உருவாக்கினார், எந்த மெஷின் இதை வைத்திருக்கிறது. முதலாவதை டாப்ளரின் ஆக்டிவிட்டி லாகில் தேடலாம். இரண்டாவது உங்கள் ஆட்களின் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. அதனால் நீங்களே ஒரு டேபிள் போடுங்கள்: ஸ்லக், பொறுப்பாளர், மெஷின், காரணம். நான்கு நெடுவரிசை போதும். பெயரை வைத்துச் சேர்க்காதீர்கள். 'ப்ரொடக்‌ஷன்' என்ற ஒரே பெயரில் ஐந்து கான்ஃபிக்கில் ஐந்து டோக்கன் இருக்கலாம். ஸ்லக்தான் தனித்தது.

பிறகு இரண்டையும் ஃபுல் அவுட்டர் ஜாயின் செய்யுங்கள், அதாவது இரண்டு பக்கமும் ஜோடி இல்லாமல் மிஞ்சும் வரிகளும் தெரியும்படி சேருங்கள். ஒரு பக்கத்து மிச்சத்தை மட்டும் காட்டும் லெஃப்ட் ஜாயின் போதாது, அழுத்திச் சொல்கிறேன். என் அப்பா மின்வாரியத்தில் ஸ்டோர்கீப்பராக இருந்தவர். மார்ச் கடைசியில் சரக்கு எண்ணும்போது இரண்டு முறை எண்ணுவார். புத்தகத்தை வைத்துக்கொண்டு ராக்கைப் பார்ப்பது ஒரு முறை, ராக்கைப் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வருவது ஒரு முறை. புத்தகத்தில் இருந்து ராக்கில் இல்லாத மீட்டரும், ராக்கில் இருந்து புத்தகத்தில் ஏறாத மீட்டரும் வேறு வேறு தப்பு என்பார். டோக்கனும் அப்படியே. டாப்ளரில் இருந்து உங்கள் டேபிளில் இல்லாதது ஆதரவற்ற டோக்கன். உங்கள் டேபிளில் இருந்து டாப்ளரில் இல்லாதது யாரோ சொல்லாமல் அழித்தது. இரண்டும் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

முப்பது நாளுக்குள் காலாவதியாகும் டோக்கன்கள் எவை என்று குவெரி எழுதி, வாரா வாரம் தானாக ஓட வைத்திருக்கிறேன். இரண்டு மாதமாக ஒரு வரிகூட வரவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று ரிப்போர்ட் கொடுத்துவிட்டேன். சரிதானே?
ஒரு வாசகி, ஓசூர்

சரியில்லை அம்மா. இன்றைக்கே மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

உங்கள் குவெரியில் வேர் எக்ஸ்பயர்ஸ்_அட் சிறியது நவ் கூட்டல் முப்பது நாள் என்று இருக்கிறது. காலாவதித் தேதியே வைக்காத டோக்கனுக்கு அந்த இடத்தில் நல், அதாவது மதிப்பே இல்லாத வெற்றிடம், இருக்கும். நல்லோடு எதை ஒப்பிட்டாலும் விடை 'ஆம்' என்றும் வராது, 'இல்லை' என்றும் வராது, தெரியாது என்றுதான் வரும். வேர் வாசலில் 'ஆம்' என்று வந்தவற்றுக்கு மட்டுமே அனுமதி. ஆகவே என்றைக்குமே காலாவதியாகாத டோக்கன்கள், நீங்கள் முதலில் பார்த்திருக்க வேண்டியவை, அத்தனையும் சத்தமில்லாமல் வெளியே நின்றுவிட்டன. அவசரத்தில் டோக்கன் உருவாக்குகிறவர் யாரும் தேதி வைப்பதில்லை. உங்கள் இடத்தில் எல்லா டோக்கனும் அந்த வகையாகவே இருக்கலாம். பூஜ்யம் வரி வந்ததற்கு அதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

'ஆர் எக்ஸ்பயர்ஸ்_அட் இஸ் நல்' என்று சேர்த்துவிடுங்கள். வரிசைப்படுத்தும்போதும் ஒரு விஷயம் உண்டு. போஸ்ட்கிரெஸ் ஏறுவரிசையில் நல்களைக் கடைசியில் தள்ளும். மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூஎல் சர்வர் இரண்டும் முதலில் வைக்கும். மேலே இருபது வரி மட்டும் பார்க்கும் பழக்கம் இருந்தால் 'நல்ஸ் ஃபர்ஸ்ட்' என்று எழுதிவிடுவது நல்லது.

இன்னொன்று. பூஜ்யம் வரி வரும் எந்த ரிப்போர்ட்டிலும் மொத்தம் எத்தனை டோக்கன் பார்க்கப்பட்டது என்ற எண்ணையும் சேர்த்து அச்சிடுங்கள். "47இல் 0" என்பதும் "0இல் 0" என்பதும் படிப்பவருக்கு வேறு வேறு செய்தி. ரிப்போர்ட் எடுக்கும் டோக்கனே காலாவதியாகி ஏபிஐ பதிலே தராமல் போன நாளிலும் மேலாளர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கக் கூடாது.

ஒரு டோக்கன் உண்மையிலேயே பயன்படுகிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பயன்படாத டோக்கனை விட்டுவைத்தால் என்ன கெட்டுவிடும்? அழித்தால்தான் ஏதாவது உடையும் என்று எங்கள் டீமில் பயப்படுகிறார்கள்.
பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகர், சென்னை

உங்கள் டீமின் பயம் எனக்குப் புரியும். அந்தப் பயத்தின் இரண்டு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

2023 அக்டோபரில், லாகின் சேவை தரும் ஆக்டா நிறுவனத்தின் வாடிக்கையாளர் உதவி அமைப்புக்குள் யாரோ புகுந்தார்கள். அதனால் பாதிக்கப்பட்டவர்களில் இணைய நெட்வொர்க் நிறுவனமான கிளவுட்ஃப்ளேரும் ஒன்று. அவர்கள் சும்மா இருக்கவில்லை. கசிந்தவை ஆயிரக்கணக்கில், அவற்றை எல்லாம் மாற்றினார்கள். ஆனால் ஒரே ஒரு சர்வீஸ் டோக்கனும் மூன்று சர்வீஸ் அக்கவுண்டுகளும் மாற்றப்படாமல் விடுபட்டன. காரணத்தை அவர்களே 2024 பிப்ரவரி 1ஆம் தேதி வெளிப்படையாக எழுதினார்கள்: அவை பயன்பாட்டில் இல்லை என்று தவறாக நினைத்துவிட்டார்கள். 2023 நவம்பர் 14 முதல் தாக்குபவர் அந்த நான்கை வைத்துத் துழாவத் தொடங்கி, உள்ளே இருந்த விக்கி, ஜிரா (குறைகளைப் பதியும் இடம்), சோர்ஸ் கோடு வரை போய்விட்டார். 23ஆம் தேதி கண்டுபிடித்து, மறுநாள் துண்டித்தார்கள். வாடிக்கையாளர் தகவலுக்கும் அவர்களுடைய நெட்வொர்க்குக்கும் பாதிப்பு வரவில்லை. ஆனால் அதன்பிறகு ப்ரொடக்‌ஷனில் இருந்த 5,000க்கும் மேற்பட்ட கிரெடென்ஷியல்களை (பாஸ்வேர்டு, டோக்கன் போன்றவை) ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியிருந்தது.

ஆயிரங்களில் நான்கு! 'பயன்பாட்டில் இல்லை' என்பதை விட்டுவைப்பதற்கான காரணமாக எடுத்துக்கொண்டார்கள். அதே சொற்கள் அழிப்பதற்கான காரணமாக இருந்திருக்க வேண்டும். நீங்கள் பயன்படுத்தாவிட்டாலும் கதவு திறக்கிறது, அது போதும் தாக்குபவர்களுக்கு.

இனி மறுபக்கம். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் 'டெஸ்ட்2' என்று ஒரு டோக்கன் இருந்தது. ப்ரொடக்‌ஷன் கான்ஃபிக்கைப் படிக்கக்கூடியது. மூன்று வருடப் பழசு. யாருடையது என்று எல்லோருக்கும் மெயில் போட்டேன், பதில் இல்லை. அணுகல் லாகில் மூன்று வாரம் பின்னோக்கிப் பார்த்தேன், ஒரு தடவைகூட அது வரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு அழித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அந்த ஞாயிறு மாதக் கடைசி. சம்பளத்துக்கான பேங்க் ஃபைலை உருவாக்கும் ஜாப் ஒன்று மாதத்தில் ஒரே ஒரு இரவு மட்டும் அந்த டோக்கனை எடுக்கும். திங்கள் காலையில் அக்கவுண்ட்ஸ் பிரிவிலிருந்து வந்த போன் இன்னும் காதில் இருக்கிறது. முந்நூறு பேருக்கு அன்று மதியம்வரை சம்பளம் போகவில்லை. வீட்டு வாடகை, இஎம்ஐ என்று அந்தத் தேதியை நம்பி இருப்பவர்கள்.

நான் செய்த தப்பு அழித்தது என்று இன்றும் நினைக்கவில்லை. மூன்று வாரம் மட்டும் பார்த்ததுதான் தப்பு. அலுவலகத்தில் ஓடும் மிக நீளமான சுற்று எது என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். மாதச் சம்பளம், காலாண்டு வரிக் கணக்கு, மார்ச் 31 இரவு மட்டும் ஓடும் வருட முடிவு ஜாப். யார் எதை எப்போது அழைத்தார்கள் என்று பதியும் அமேசானின் கிளவுட்ட்ரெய்லில் ஈவென்ட் ஹிஸ்டரி என்று தானாகக் கிடைப்பது 90 நாள் மட்டுமே. ஜூலையில் உட்கார்ந்து அதைப் பார்த்தால் மார்ச் 31 தெரியவே தெரியாது. அதற்கு மேல் வேண்டுமென்றால் ட்ரெய்ல் ஒன்றை அமைத்து எஸ்3 என்ற அமேசான் சேமிப்பிடத்தில் சேமித்துவைக்க வேண்டும். இப்போதே செய்யுங்கள். கடந்த காலத்து லாகைப் பின்னால் போய் வாங்க முடியாது.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். டாப்ளரில் இருப்பவர்களுக்கு ஒரு குறுக்கு வழி: டாப்ளர்_கான்ஃபிக் டேபிளில் லாஸ்ட்_ஃபெட்ச்_அட் என்று ஒரு நெடுவரிசை இருக்கிறது. அந்தக் கான்ஃபிக்கிலிருந்து ரகசியங்கள் கடைசியாக எடுக்கப்பட்ட நேரம் அது. டோக்கன் டேபிளை ப்ராஜெக்ட், கான்ஃபிக் பெயர் இரண்டையும் வைத்து அதோடு ஜாயின் செய்யுங்கள். ஒரு வருடமாக யாரும் தொடாத கான்ஃபிக் என்றால் அதில் தொங்கும் எல்லா டோக்கனையும் ஒரேயடியாக எடுத்துவிடலாம். ஆனால் நேற்று எடுத்திருக்கிறார்கள் என்று வந்தால், அங்கே இருக்கும் ஆறு டோக்கனில் எது எடுத்தது என்று இந்த நெடுவரிசை சொல்லாது. ஆறுக்கும் உயிர் இருப்பதாக இதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். இந்த இடத்தில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள்.

அழிக்கும் முறை என்று எனக்கு ஒன்று படிந்துவிட்டது. பொறுப்பாளர் தெரிந்த டோக்கன் என்றால், மெஷின் பெயரையே பெயராக வைத்துக் காலாவதித் தேதியோடு புதியதை உருவாக்கி, மாற்றி, இரண்டு நாள் கவனித்துவிட்டுப் பழையதை எடுப்பேன். பொறுப்பாளர் தெரியாதது என்றால் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. எல்லோரும் சீட்டில் இருப்பார்கள். முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிட்டு அழிப்பேன், மாலைவரை போனைக் கீழே வைக்க மாட்டேன். அதோடு, அழித்த டோக்கனின் பெயர், கான்ஃபிக், தேதியை ஒரு வருடம் குறித்து வைத்திருப்பேன். பத்து மாதம் கழித்து ஒரு ஜாப் விழுந்தால், காரணத்தை ஐந்து நிமிடத்தில் சொல்லலாம். அமேசான் ஆக்சஸ் கீ என்றால் இன்னும் சுலபம், அழிக்காமல் இன்ஆக்டிவ் ஆக்கிவைக்கும் வசதி உண்டு.

உடையும் என்ற பயம் நியாயம்தான். ஆனால் நீங்களாக, நீங்கள் தேர்ந்தெடுத்த காலையில் உடைப்பதைச் சரிசெய்ய ஆள் இருக்கும்.

டோக்கனை அழித்துவிட்டேன். ஆனால் ஸ்டீம்பைப்பில் இன்னும் தெரிகிறது. அழியவில்லையா?
ஒரு வாசகர், திருநெல்வேலி

அழிந்துவிட்டது. ஸ்டீம்பைப் ஒருமுறை வாங்கிய பதிலை இயல்பாக 300 விநாடி, அதாவது ஐந்து நிமிடம், கேஷில் (தற்காலிக நினைவில்) வைத்திருக்கும். அதே கேள்வியை உடனே கேட்டால் பழைய பதிலைத்தான் நீட்டும். ஐந்து நிமிடம் பொறுங்கள், அல்லது அதன் திரையிலேயே ஒரு புள்ளி வைத்து கேஷ் கிளியர் என்று அடியுங்கள். கசிவு நடந்த நேரத்தில் பதற்றத்தோடு வேலை செய்பவர்கள் இதை முன்னாடியே தெரிந்துவைத்திருப்பது நல்லது. அழிந்ததை அழியவில்லை என்று நினைத்து வேறெதையாவது அழித்துவிடுவோம்.

அமேசான் சீக்ரெட்ஸ் மேனேஜர் பயன்படுத்துகிறோம். கிளவுட்ட்ரெய்ல் லாகை அதீனாவில் (எஸ்3 ஃபைல்களை எஸ்க்யூஎல்லில் தேடும் அமேசான் சேவை) குவெரி செய்தபோது, தினமும் இரவு 8.30க்கு ஒரு ரோல் (அனுமதிகள் கொண்ட அடையாளம்) டேட்டாபேஸ் பாஸ்வேர்டை எடுப்பது தெரிந்தது. அந்த நேரத்தில் எங்களுக்கு எந்த ஜாபும் கிடையாது. கிரான்டேபை (நேரம் வைத்துத் தானாக ஓடும் ஜாப்களின் பட்டியல்) மூன்று முறை பார்த்துவிட்டோம். யாராவது உள்ளே நுழைந்துவிட்டார்களா?
ஒரு வாசகி, மதுரை

அதிகாலை 2 மணிக்கு ஏதாவது ஓடுகிறதா பாருங்கள். பேக்கப் ஓடும் என்று ஊகிக்கிறேன்.

கிளவுட்ட்ரெய்லின் ஈவென்ட்டைம் யுடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், இருக்கும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். 20.30 என்றால் இங்கே மறுநாள் அதிகாலை 2.00. ஒரே ரோல், தினமும் ஒரே நிமிடம், ஒரே ஐபி என்றால் அது பெரும்பாலும் கிரான்தான். இருந்தாலும் சோர்ஸ்ஐபிஅட்ரஸ், யூசர்ஏஜென்ட் இரண்டையும் எடுத்து அது உங்கள் பேக்கப் மெஷின்தானா என்று உறுதி செய்துவிடுங்கள். என் வார்த்தையை நம்பி விட்டுவிட வேண்டாம்.

இன்னொரு இடத்திலும் இது கடிக்கும். நாள்வாரியாக குரூப் பை போடும்போது, நம் நள்ளிரவு 12 முதல் காலை 5.30 வரை நடந்தவை எல்லாம் முந்தைய தேதியில் போய் உட்காரும். முதலில் நம் நேரத்துக்கு மாற்றிவிட்டு அப்புறம் தேதியை எடுங்கள்.

கெட்சீக்ரெட்வேல்யூ (ரகசியத்தை எடுக்கும் அழைப்பு) ஈவென்ட்டுகளை எண்ணும் அதே குவெரியில் எர்ரர்கோட் நெடுவரிசையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெற்றிகரமாக எடுத்தவர்களை எல்லோரும் பார்க்கிறார்கள். ஆக்சஸ்டினைட் (அனுமதி மறுப்பு) வாங்கித் திரும்பியவர்கள் யார், எந்த சீக்ரெட்டைக் கேட்டார்கள் என்பதை நான் முதலில் பார்ப்பேன். ஒரே அடையாளம் பத்து நிமிடத்தில் முப்பது வெவ்வேறு சீக்ரெட்டைத் தட்டிப் பார்த்திருந்தால், அங்கே போனை எடுக்க வேண்டியதுதான்.

எங்கள் ரகசியங்களை வைத்திருக்கும் ஹாஷிகார்ப் வால்ட்டின் ஆடிட் லாகை போஸ்ட்கிரெஸ்ஸில் ஜேசன்பி வகை நெடுவரிசையாக ஏற்றி எண்ணினேன். எங்கள் அப்ளிகேஷன் லாகில் 1,200 என்றால் வால்ட்டில் 2,400 வருகிறது. டோக்கனும் புரியாத நீளமான எழுத்தாக இருக்கிறது.
ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

சரியாக இரண்டு மடங்கு என்பதிலேயே விடை இருக்கிறது. வால்ட் ஒவ்வொரு அழைப்புக்கும் கேள்வி ஒரு வரி, பதில் ஒரு வரி என இரண்டு வரி எழுதும். டைப் என்ற சாவியில் ரிக்வெஸ்ட், ரெஸ்பான்ஸ் என்று இருக்கும். ஒன்றை மட்டும் எடுத்து எண்ணுங்கள்.

டோக்கன் எழுத்துகள் எச்மேக் முறையில் ஹேஷ் செய்யப்பட்டவை, அதாவது மூலத்தைத் திரும்ப எடுக்க முடியாதபடி உருமாற்றப்பட்டவை. வேண்டுமென்றேதான் அப்படி: ஆடிட் லாக் திருடு போனால் டோக்கன் போகக் கூடாது. ஆனால் ஒரே டோக்கனுக்கு அந்த ஆடிட் டிவைஸில் (வால்ட் லாக் எழுதும் இடம்) எப்போதும் ஒரே ஹேஷ்தான் வரும் என்பதால் குரூப் பை போடத் தடையில்லை. உங்களிடம் இருக்கும் குறிப்பிட்ட டோக்கன் லாகில் எங்கே வருகிறது என்று தேட, அதை சிஸ், ஆடிட்-ஹேஷ் என்ற பாதைக்கு அனுப்பினால் ஹேஷைத் திருப்பித் தரும். அதை வைத்துத் தேடுங்கள்.

இதைக் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். வால்ட்டில் ஆடிட் டிவைஸ் வைத்திருந்து, ஒன்றில்கூட எழுத முடியாமல் போனால் வால்ட் அழைப்புகளுக்குப் பதில் தருவதையே நிறுத்திவிடும். லாக் ஃபைல் இருக்கும் டிஸ்க் நிரம்பினால் உங்கள் மொத்த அப்ளிகேஷனும் நிற்கும். இரண்டு டிவைஸ் வையுங்கள், வேறு வேறு இடத்தில்.

நாங்கள் மொத்தமே எட்டுப் பேர். இதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்குத்தானே மேடம்?
ஒரு வாசகர், புதுச்சேரி

2023 ஜனவரி 4ஆம் தேதி, மென்பொருளைத் தானாகக் கட்டிச் சோதித்துத் தரும் சேவையான சர்க்கிள்சிஐ தன் வாடிக்கையாளர்கள் எல்லோரையும், தங்களிடம் வைத்திருக்கும் ரகசியங்கள் அத்தனையையும் உடனே மாற்றச் சொன்னது. ஒரு பொறியாளரின் லேப்டாப்பில் புகுந்த மால்வேர் அதற்குக் காரணம். எட்டுப் பேர் கம்பெனிகளுக்கும் அதே செய்தி, அதே நாள். அப்படி ஒரு மெயில் நாளைக் காலை உங்களுக்கு வந்தால், எதை எல்லாம் மாற்ற வேண்டும் என்று எத்தனை மணி நேரத்தில் பட்டியல் போடுவீர்கள்? எட்டுப் பேரில் அதற்கென்று தனி ஆள் இருக்க மாட்டார். அதனால் உங்களுக்குத்தான் குவெரி அதிகம் தேவை.

கல்லூரி இறுதி ஆண்டு படிக்கிறேன். ப்ராஜெக்டுக்காக டோக்கன் தணிக்கை டாஷ்போர்டு செய்கிறேன். தணிக்கை செய்யவே ஒரு டோக்கன் வேண்டியிருக்கிறதே, அதை எங்கே வைப்பது?
ஒரு மாணவர், தஞ்சாவூர்

நல்ல கேள்வி தம்பி. வேலையில் இருப்பவர்கள்கூட இதைக் கேட்பதில்லை.

எல்லா ப்ராஜெக்டையும் பார்க்கும் டோக்கன்தான் அந்த இடத்திலேயே மிகப் பலம் வாய்ந்தது. ஸ்டீம்பைப்பின் டாப்ளர் ப்ளகினில் டாப்ளர்_சீக்ரெட் என்றும் ஒரு டேபிள் உண்டு. அதில் செலக்ட் ஸ்டார் போட்டால் பாஸ்வேர்டுகளின் மதிப்பே திரையில் கொட்டும். உன் டாஷ்போர்டின் பின்னால் அப்படி ஒரு டோக்கன் நிரந்தரமாக உட்கார்ந்திருந்தால், ரகசியங்களைக் காக்கப் போய் அத்தனைக்கும் ஒரே வாசலை நீயே கட்டியிருக்கிறாய். ப்ராஜெக்ட் காட்டும் நாளில் ப்ரொஜெக்டர் வெளிச்சத்தில் அந்த டேபிளை ஓட்டிவிடவும் கூடாது.

என் வழக்கம் இதுதான். டாஷ்போர்டு நேரடியாக டாப்ளரைத் தொடாது. வாரம் ஒருமுறை, திங்கள் காலை, ஒரு ஸ்கிரிப்ட் ஸ்டீம்பைப்பை ஓட்டி டோக்கன் பட்டியலை மட்டும் சிஎஸ்வியாக எடுக்கும். அதைத் தேதியோடு ஒரு சாதாரண போஸ்ட்கிரெஸ் டேபிளில் சேர்க்கும். டாஷ்போர்டு படிப்பது அந்த டேபிளை. இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஸ்டீம்பைப் இந்த நொடியை மட்டும்தான் காட்டும், அழிந்த டோக்கன் தடமே இல்லாமல் போய்விடும். வாரப் பட்டியல் கையில் இருந்தால், இந்த வாரத்திலிருந்து போன வாரத்தை எக்செப்ட் போட்டுக் கழித்தால் புதிதாக முளைத்தவை, திருப்பிக் கழித்தால் காணாமல் போனவை. உன் டாஷ்போர்டில் நான் தினமும் திறக்கக்கூடிய பக்கம் அதுவாகத்தான் இருக்கும்.

கனெக்‌ஷன் ஃபைலில் டோக்கனை எழுதிவைத்து அதை கிட்டில் (கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்துவைக்கும் கருவி) ஏற்றிவிடாதே. என்விரான்மென்ட் வேரியபிளாகக் கொடு. டாப்ளர் டோக்கன்கள் வகைக்கு ஏற்றபடி தொடங்கும்: சர்வீஸ் டோக்கன் டிபி புள்ளி எஸ்டி, தனிநபர் டோக்கன் டிபி புள்ளி பிடி. உன் ரெப்போ முழுக்க, பழைய கமிட்டுகள் உட்பட, இந்தத் தொடக்கத்தைத் தேடிப் பார். கிடைத்தால் வரியை நீக்குவதோடு நிறுத்தாமல் டோக்கனையே அழித்துவிடு. கமிட் வரலாற்றில் அது இருந்துகொண்டேதான் இருக்கும்.

உன் பொறுப்பாளர் டேபிளில் முதல் வரியாக இந்தத் தணிக்கை டோக்கனை எழுது. பொறுப்பாளர் இடத்தில் உன் பெயர். காரணம் இடத்தில் 'இறுதி ஆண்டு ப்ராஜெக்ட்'. வைவா முடியும் தேதியைக் காலாவதித் தேதியாக வை.